டிக்கியைச் சுற்றி ஒன்பது பேர்

நின்ற விதத்தை வைத்தே ஜெனோஜா அவர்களை அடையாளம் கண்டுகொண்டாள். முகங்கள் இன்னும் தெரியவில்லை. ஸ்மித் தெரு மூலையில் ஒன்பது ஆண்கள் அரைவட்டமாக நின்றார்கள், நடுவில் எதையோ மறைப்பதுபோல. நடுவில் நடைபாதையைத் தவிர ஒன்றும் இல்லை. தமிழர் ஒன்றுகூடும் கிரெய்கிபர்ன் மண்டபத்தின் கார்த் தரிப்பிடத்தில் வருடக்கணக்காகக் கார் டிக்கியைச் சுற்றி நின்றதில் அந்த வளைவு அவர்கள் உடம்பில் படிந்துவிட்டது.

கைப்பேசியில் பட்டியலைத் திரும்பவும் பார்த்தாள். நோர்தேர்ன் ஹெரிட்டேஜ் குரூப், ஒன்பது பேர், சனிக்கிழமை மூன்றரை மணி. அவர்களேதான்.

கொலிங்வூட்டின் மூன்று பழைய பப்புகளுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது அவள் வேலை. ஒவ்வொரு பப்பிலும் ஒரு குடி, ஒரு கதை. மாலை ஆறு மணிக்குப் பிறகு மெல்பேர்னில் எந்தப் பப்பும் ஒரு சொட்டு விற்கக் கூடாது என்று சட்டம் இருந்த காலத்துக் கதை. வேலை என்று சொல்வதுகூட இன்னும் சரியில்லை. மூன்று முறை நடத்திக் காட்டவேண்டும், பிறகுதான் முடிவு என்று ரூர் என்கிற இந்த நடைச் சுற்றுலாக்களை நடத்தும் ஹெதர் சொல்லியிருந்தாள். இரண்டு முறை முடிந்துவிட்டது. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தன.

விழுந்த இடம் கடைசிப் பப். அங்கே சரியாக ஆறு மணிக்கு வழிகாட்டி கைமணியை அடித்து, அந்தக் காலத்துப் பப்காரரைப்போல நேரம் முடிந்தது என்று கத்தவேண்டும். கையில் இருப்பதை எல்லோரும் ஒரே மூச்சில் குடித்து முடிப்பார்கள். ரூரில் எல்லோரும் காத்திருப்பது அதற்குத்தான். முதல் முறை ஜெனோஜாவின் குரல் முன்னால் நின்ற இரண்டு பேருக்குக் கேட்டது. இரண்டாம் முறை அவர்களுக்கும் கேட்கவில்லை. பின்கதவடியில் நின்ற ஹெதர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டினாள், பிறகு வந்து மணியைத் தானே வாங்கி அடித்தாள். என்னிடம் வேலை செய்கிற எவரையும்விட உனக்கு அதிகம் தெரிந்திருக்கிறது, ஆனால் கதவுவரை கேட்கவில்லை என்றால் நான் என்ன செய்வது என்று கேட்டாள். கோபமில்லாமல் கேட்டாள். அதனால்தான் கூடுதலாகச் சுட்டது.

ஜெனோஜா இரசாயனத்தில் பட்டம் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. ஐந்து நேர்முகத் தேர்வுகளுக்குப் போனாள். ஐந்திலும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லும்படி கேட்டார்கள். இந்த வேலைக்கு விண்ணப்பித்தது பாதிப் பகிடிக்கு. ஆனால் முதல் ரூரில், பப் சுவர்களில் பீங்கான் ஓடு ஏன் பதித்தார்கள் என்று அவள் சொன்னபோது ஒரு கிழவர் திரும்பி அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். அவள் சொன்னதைக் கேட்டு ஒருவர் ஒரு பொருளைத் தொட்டுப் பார்ப்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இந்த வேலையை விடுவதில்லை என்று அன்றைக்கே நினைத்துவிட்டாள்.

வீட்டில் அம்மாவிடம், நகரத்தின் பழைய கட்டடங்களைக் காட்டுகிற வேலை என்று சொல்லியிருந்தாள். அதில் பொய் இல்லை. கட்டடங்களுக்குள் என்ன விற்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவள் பச்சை நிறக் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு தெருவைக் கடந்தாள். முதலில் கண்டது எறிக் அங்கிள். பஸ் ஓட்டுபவர், எதற்கும் சிரிப்பவர். அவர் வாய் ஒருமுறை திறந்து மூடியது.

"இது பற்றிமாவின்ரை மகள் எல்லே?"

ஏழு தலைகள் திரும்பின. அரைவட்டம் குலைந்தது. ஆக ஓரத்தில் நின்ற செல்வரட்ணம் அங்கிள் மட்டும் அசையவில்லை. மன்னார்ப் பள்ளிக்கூடமொன்றின் பழைய மாணவர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவரும் அவரே. மைக் வேலை செய்யாத நாளிலும் அவருடைய குரல் கோயிலின் கடைசி வாங்கில் இருப்பவர்வரை போகும்.

"பிள்ளை, நீ இஞ்சை என்ன செய்யிறாய்?" என்றார்.

"ரூர் காட்டுறன் அங்கிள். நீங்கள் புக் பண்ணின ரூர்."

எறிக் அங்கிளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மெல்பேர்ன் முழுக்கத் தேடி, ஒரு தமிழ்ச் சனமும் எட்டிப் பாக்காத இடமெண்டு பிடிச்சம். வந்து பாத்தா, பச்சைப் பட்டி கட்டிக்கொண்டு எங்கடை பிள்ளை."

செல்வரட்ணம் அங்கிள் சிரிக்கவில்லை. அவளைச் சற்றுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். அவர் சொன்ன யோசனை அன்பானதாகத்தான் இருந்தது. வீட்டில் எல்லோரும் சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். அவளும் வீட்டில் எதையோ சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பாள். ஒருவரையொருவர் காணவில்லை என்று வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது. தாங்கள் தங்கள் பாட்டில் மூன்று பப்பையும் பார்த்துக்கொள்வார்கள். அவள் ரயில் ஸ்ரேசனில் இருந்துவிட்டு ஐந்தரைக்குக் கடைசிப் பப்புக்கு வந்தால் போதும். ஒன்பது பேரும் ரூரைப் பற்றித் திறமான ரிப்போட் எழுதுவார்கள்.

ஜெனோஜா அதை நினைத்துப் பார்த்தாள். ஸ்ரேசனில் வாங்கு இருக்கும். பையில் புத்தகம் இருந்தது. போன வருடமாக இருந்திருந்தால் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பாள்.

"ரூர் இந்த மூலையிலை இருந்துதான் தொடங்குது அங்கிள்," என்றாள். "எனக்குப் பின்னாலை வாங்கோ."

குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கொஞ்சத் தூரம் தன்னுடைய காலடி மட்டும்தான் கேட்டது. பிறகு எறிக் அங்கிளின் செருப்புச் சத்தம். அதற்குப் பிறகு மற்றவர்கள்.

முதல் பப்பில் ஒன்பது பேரும் ஒன்பது லெமனேட் வாங்கினார்கள்.

பாரில் நின்ற பெண் ஒவ்வொரு கிளாஸாக நிரப்பிவிட்டு ஜெனோஜாவை ஒரு பார்வை பார்த்தாள். ஜெனோஜா சுவரோரம் நின்று கதையைத் தொடங்கினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு. ஐரோப்பாவில் போர். ஊரில் இருக்கிறவர்கள் குடித்துக் கூத்தாடக் கூடாது என்று மது எதிர்ப்புச் சங்கங்கள் கேட்க, பப்புகளை ஆறு மணிக்கு மூட அரசாங்கம் சட்டம் போட்டது. போர்க்காலத்துக்கு மட்டும் என்றுதான் பேச்சு. விக்ரோரியாவில் அது ஐம்பது வருடம் நின்றது. ஐந்து மணிக்கு வேலை விட்டு ஓடிவருகிறவனுக்கு ஒரே ஒரு மணித்தியாலம். கதிரைகளை எடுத்துவிட்டார்கள், நின்றால் கூடப் பேர் கொள்ளும் என்று. விழுவதும் சிந்துவதும் சத்தி எடுப்பதும் எல்லாம் அந்தச் சுவரோரம்தான். பீங்கான் ஓடு எதையும் உறிஞ்சாது. பூட்டியவுடன் தண்ணீர்க் குழாயால் அடித்துக் கழுவிவிடலாம்.

ஒருவரும் சுவரைத் தொடவில்லை. செல்வரட்ணம் அங்கிள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் ஸ்ட்ரோவால் ஐஸைக் குத்தினார். வேலை தேடி அலைந்த காலத்தில் கண்ட அத்தனை மேசைகளும் ஜெனோஜாவுக்கு ஞாபகம் வந்தன. யாரும் அவளை அவமதிக்கவில்லை. அவள் அங்கே இல்லை என்று எல்லோரும் சேர்ந்து மரியாதையாக முடிவெடுத்திருந்தார்கள்.

இரண்டாவது பப்பில் லெமனேட்கூட மிஞ்சிக் கிடந்தது. அவள் கதையின் நடுவில் ஒருவர் கைப்பேசியைக் காதில் வைத்தபடி வெளியே போனார். பிறகு இன்னொருவர். கால் மணித்தியாலத்தில் மேசையில் கிளாஸ்கள் மட்டும் இருந்தன. அவள் தன்னுடைய கடைசி வசனத்தைச் சொல்லி முடித்தபோது கேட்டுக்கொண்டிருந்தது ஒரு குளிர்பெட்டி.

அவள் பின்கதவால் வெளியே வந்தாள். பப்புக்குப் பின்னால் கல்லுப் பதித்த ஒழுங்கை. முனையில் எறிக் அங்கிளின் வெள்ளைக் கார் நின்றது. டிக்கி திறந்திருந்தது. அதைச் சுற்றி ஒன்பது பேர், அரைவட்டமாக.

எறிக் அங்கிள் மருந்து எடுப்பதால் குடிப்பதில்லை. அதனாலேயே எல்லா நிகழ்ச்சிக்கும் அவருடைய கார்தான் போகும். ஐஸ்பெட்டி, விஸ்கிப் போத்தல், பிளாஸ்ரிக் கோப்பைகள், மிக்சர், ரோல்ஸ், எல்லாவற்றையும் மூடச் சங்கத்தின் துணிப் பனர். மண்டபத்துக்குள் குடி கூடாது என்பதால் சங்கத்தின் ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் ஆண்கள் காற்று வாங்கப் போவார்கள். காற்று அந்த டிக்கிக்குள் இருக்கும். அவர்கள் மறைந்து நிற்கும்போது, மண்டபக் குசினியிலிருந்து பெண்கள் பைற்ஸ் என்று ஈரல் பொரியலும் கட்லட்டும் தட்டில் போட்டு, கொண்டுபோய்க் குடு என்று ஒரு சிறுமியிடம் கொடுத்துவிடுவார்கள். எட்டு வயதிலிருந்து அந்தச் சிறுமி ஜெனோஜாதான். அவள் தலை தெரிந்ததும் கோப்பைகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் போகும். அங்கை வைச்சிட்டு ஓடு பிள்ளை என்பார் செல்வரட்ணம் அங்கிள். அவளும் ஒன்றும் காணாதவள்போல வைத்துவிட்டு ஓடுவாள்.

இப்போதும் ஒருவர் அவளைக் கண்டார். ஒன்பது கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. எறிக் அங்கிளின் கையில் ரோல்ஸ்தான் இருந்தது. அதையும் ஒளித்தார்.

ஜெனோஜா சிரிக்கவில்லை.  பன்னிரண்டு வருடம் தட்டை வைத்துவிட்டு ஓடிய கால்கள் ஓட மறுத்தன. அவள் போய் டிக்கிக்கு நேரே, அரைவட்டத்தின் திறந்த பக்கத்தில் நின்றாள். அங்கே ஒரு பெண் நின்று ஒருவரும் கண்டதில்லை.

"இது எங்கடை பட்டியலிலை இல்லாத இடம்," என்றாள். "ஆனா வந்ததுக்குச் சொல்லுறன். ஆறு மணிக்குப் பிறகு இந்த ஒழுங்கையளிலைதான் களவாப் போத்தல் வித்தவை. முனையிலை ஒராள் காவல் நிப்பான். பொலிஸ் வந்தா விசிலடிப்பான். இண்டைக்கு அது எறிக் அங்கிள்."

எறிக் அங்கிள் தன்னை அறியாமல் ஒழுங்கை முனையை எட்டிப் பார்த்தார்.

"போத்தலைக் குழந்தைப் பிள்ளையின்ரை வண்டிக்குள்ளை, துணிக்குக் கீழை ஒளிச்சவை. இஞ்சை சங்கத்தின்ரை பனருக்குக் கீழை. அவையளுக்கு ஒரு காரணம் இருந்தது அங்கிள். பப் பூட்டிக் கிடந்தது. உங்களுக்கு என்ன காரணம்? பப் திறந்துதானே கிடக்கு."

யாரோ ஒருவருக்குச் சிரிப்பு மூக்கால் வந்தது. செல்வரட்ணம் அங்கிள் அந்தப் பக்கம் பார்த்ததும் நின்றது.

"நீ நிக்கேக்கை எப்பிடிக் குடிக்கிறது?" என்றார். "ஒரு மரியாதை இருக்கெல்லே."

"எட்டு வயசிலை இருந்து உங்களுக்குப் பைற்ஸ் கொண்டு வந்தனான். கோப்பையைப் பின்னாலை ஒளிச்சியள். நான் காணாத மாதிரிப் போனனான். எனக்குத் தெரியுமெண்டு உங்களுக்குத் தெரியும். இதிலை மரியாதை எங்கை இருக்கு?"

தன் குரல் ஒழுங்கையின் செங்கல் சுவரில் பட்டுத் திரும்புவதை அவள் கேட்டாள். யாருடையதோ என்று ஒரு கணம் நினைத்தாள்.

செல்வரட்ணம் அங்கிளின் முகம் கறுத்துவிட்டது. கோப்பையை டிக்கிக்குள் வைத்தார். கைப்பேசியை எடுத்தார். "நீ பப் பப்பாத் திரியிறது கொம்மாக்குத் தெரியுமோ? இப்ப எடுத்துச் சொல்லவோ?"

"வேண்டாம்," என்றாள் ஜெனோஜா. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அது முழுதாக வருமுன் அவள் தன்னுடைய கைப்பேசியை எடுத்திருந்தாள். "நானே சொல்லுறன்."

ஸ்பீக்கரில் போட்டாள். மணி மூன்று தடவை அடித்தது. அம்மா குசினியில் நின்றாள். பின்னால் புகை இழுக்கும் காற்றாடி இரைந்தது.

"அம்மா, நான் கொலிங்வூட்டிலை நிக்கிறன். பப் ஒண்டுக்குப் பின்னாலை. பழைய கட்டடமெண்டு சொன்னது இதைத்தான். ஆக்களைப் பப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்தக் காலத்துக் குடிக் கதை சொல்லுறது. அதுதான் என்ரை வேலை."

காற்றாடி நின்றது.

"ஆரோடை நிக்கிறாய்?" என்றாள் அம்மா.

ஒன்பது பேரும் ஜெனோஜாவைப் பார்த்தார்கள். எறிக் அங்கிள் ரோல்ஸை நெஞ்சோடு பிடித்திருந்தார். செல்வரட்ணம் அங்கிளின் கண்களில் அப்படியொரு கெஞ்சலை அவள் முன்பு கண்டதில்லை. அவர்களுடைய மானம் அவள் கைக்குள் வந்து விழுந்திருந்தது. ஒரு பெயரைச் சொன்னால் போதும், இரவுக்குள் கிரெய்கிபர்ன் முழுக்கத் தெரிந்துவிடும்.

"ரூருக்கு வந்த ஆக்களோடை," என்றாள்.

"குடிக்கிறியோ?"

"இல்லை அம்மா. கதைக்கிறன்."

"நீயோ?"

அம்மாவின் கேள்வியில் கோபத்தைவிட வேறொன்று கூடுதலாக இருந்தது. அது என்னவென்று ஜெனோஜாவுக்குப் பிடிபடுவதற்குள் அம்மா, வீட்டை வா, கதைப்பம் என்று வைத்துவிட்டாள்.

ஜெனோஜா கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.  

"போத்தலை மூடுங்கோ," என்றாள். "தெருவிலை திறந்து வைச்சிருக்கக் கூடாதெண்டு முனையிலை அறிவித்தல் போட் போட்டிருக்கு. கடைசிப் பப்புக்குப் போவம். குடிக்கிறதெண்டா எனக்கு முன்னாலை குடியுங்கோ. விருப்பமில்லாட்டி லெமனேட் குடியுங்கோ. ஒளிக்க வேண்டாம்."

டிக்கியை எறிக் அங்கிள் அடித்து மூடினார்.

கடைசிப் பப்புக்கு நடக்கும்போது ஒருவர் அவள் பக்கத்தில் வந்து, அந்த ஐம்பது வருடமும் பொலிஸ்காரர் என்ன செய்தார்கள் என்று கேட்டார். சிலர் பிடித்தார்கள், சிலர் வாங்கிக் குடித்தார்கள் என்றாள். அவர் சிரித்துவிட்டு அதைப் பின்னால் வந்தவருக்குச் சொன்னார். பின்னால் வந்தவர் அவருக்குப் பின்னால் வந்தவருக்குச் சொன்னார்.

ஐந்தரைக்கு உள்ளே போனபோது பின்கதவடியில் ஹெதர் நின்றாள். பார் மேசையின் ஓரத்தில் கைமணி இருந்தது. சனி மாலை, பப் நிறைந்திருந்தது. எட்டுப் பேர் பாருக்குப் போய்ப் பியர் கேட்டார்கள், எறிக் அங்கிள் மட்டும் லெமனேட். பிறகு ஜெனோஜா நிற்கும் பக்கம் திரும்பக் கொஞ்சம் நேரம் எடுத்தது. திரும்பினார்கள்.

செல்வரட்ணம் அங்கிள் கிளாஸோடு நேரே ஹெதரிடம் போனார். ஜெனோஜா கதையை நிறுத்தவில்லை, ஆனால் ஒரு காது அந்தப் பக்கம் இருந்தது. வழிகாட்டி மரியாதையில்லாமல் கதைத்தாள் என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். ஹெதர் உடனே நிமிர்ந்தாள். என்ன கதைத்தாள், எங்கே வைத்து என்று கேட்டாள். செல்வரட்ணம் அங்கிள் வாயைத் திறந்தார். ஒழுங்கை, டிக்கி, போத்தல், போட் எல்லாம் அவர் முகத்தில் வரிசையாக வந்து போயின. ஒன்றுமில்லை, விடுங்கள் என்றார்.

பாரின் பக்கச் சுவரில் பலகை அடைத்த ஒரு சின்னச் சதுரம் இருந்தது. ஜெனோஜா அதைக் காட்டினாள். பெண்களுக்குப் பாரில் இடமில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு அறையில் இருப்பார்கள். இந்தத் துவாரத்தால் கிளாஸை உள்ளே நீட்டுவார்கள். கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் மட்டும் தெரியும், முகம் தெரியாது. ஆறு மணிச் சட்டம் போனபிறகும் இது போகப் பல வருடம் எடுத்தது.

எறிக் அங்கிள் போய் அந்தப் பலகையைத் தொட்டுப் பார்த்தார்.

"பைற்ஸ் தட்டுப் போகுமளவு இருக்கு," என்றார்.

 ஒருவர் கிளாஸை மேசையில் வைத்துவிட்டு நெற்றியைத் தடவினார்.

ஐந்து ஐம்பத்தெட்டு. ஜெனோஜா மணியைக் கையில் எடுத்தாள். பித்தளை குளிர்ந்திருந்தது. கூட்டத்துக்கு அப்பால் ஹெதர் காதுப்பக்கம் கையைத் தூக்கத் தயாராக நின்றாள். செல்வரட்ணம் அங்கிள் பார் ஓரம் திரும்பி வந்திருந்தார். இவள் பார்த்ததும் அவருடைய வலது கை, பழக்கதோஷத்தில், கிளாஸோடு முதுகுக்குப் பின்னால் போனது. இவள் பார்வையை எடுக்கவில்லை. கிளாஸ் மெதுவாகத் திரும்பி முன்னால் வந்தது. முக்கால்வாசி நிறைந்திருந்தது. அதுவரை ஒரு வாய்தான் குடித்திருந்தார்.

ஆறு மணி.

அவள் மணியை அடித்தாள். அந்தச் சத்தத்துக்குக் கீழே ஒளிந்துகொள்ளாமல், அது அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு நேரம் முடிந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு தடவை கத்தினாள். டாட்ஸ் அம்பு எறிந்துகொண்டிருந்த இருவர் நின்று திரும்பினார்கள். ஹெதரின் கை பாதி வழியில் நின்று கீழே இறங்கியது.

ஜெனோஜாவுக்கு அது போதவில்லை.

"ஆறு மணி," என்றாள், அதே சத்தத்தில், தமிழில். "எல்லாரும் குடிச்சு முடியுங்கோ."

ஏழு கிளாஸ்கள் பியரும் எறிக் அங்கிளின் லெமனேட்டும் மேலே போயின. செல்வரட்ணம் அங்கிள் தன் கிளாஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஒரு அஞ்சு நிமிசம் தா பிள்ளை," என்றார்.

"ஆறெண்டா ஆறுதான் அங்கிள்," என்றாள் ஜெனோஜா. கதவுவரை கேட்டது.

அவர் அவளுக்கு முன்னாலேயே நின்று, கண்ணை மூடிக்கொண்டு, அடிவரை குடித்தார்.